ஐந்து ஐபி, ஒரு ஃபயர்வால்

ஐஎஸ்பி கொடுக்கும் தாளில் பெரும்பாலும் நாலைந்து வரிதான் இருக்கும். உங்களுக்கு ஒதுக்கிய முகவரிகள் 203.0.113.10 முதல் 203.0.113.14 வரை, சப்நெட் மாஸ்க் 255.255.255.248, கேட்வே 203.0.113.9, அப்புறம் இரண்டு டிஎன்எஸ் முகவரி. அவ்வளவுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு நேராக ஃபயர்வால் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறோம். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

(இந்தக் கட்டுரையில் வரும் 203.0.113, 198.51.100 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5737 செய்த ஏற்பாடு அது. அப்படியே அடித்துப் பார்த்துவிட்டு, வேலை செய்யலையே என்று என்னைத் திட்ட வேண்டாம்.)

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, அஞ்சு ஐபி வாங்கியாச்சு. முதல் ஐபி நல்லா வேலை செய்யுது. மீதி நாலும் செத்த மாதிரி கிடக்கு. ஃபயர்வால்ல என்ன ரூல் போடணும்?"

"ரூல் இருக்கட்டும். அந்த பிளாக்கை வயர்லயே வச்சிருக்காங்களா, இல்ல உங்க பாக்ஸுக்கு ரூட் பண்ணிக் கொடுத்திருக்காங்களா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்கான பதில் அந்தத் தாளில் நேரடியாக எழுதியிருக்காது. ஆனால் பல பப்ளிக் ஐபி வைத்து ஃபயர்வால் அமைக்கிற வேலையில் பாதி, இந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. இது தெரியாமல் ரூல் எழுதினால் எவ்வளவு சரியாக எழுதினாலும் அந்த ரூலிடம் ஒரு பாக்கெட்கூட வந்து சேராது.

தெருவில் கூவுவதும் வாசலில் கொடுப்பதும்

மேலே சொன்ன மாஸ்க் ஒரு /29. மொத்தம் 8 முகவரிகள். முதலாவது (.8) பிளாக்கின் அடையாளம், கடைசி (.15) பிராட்காஸ்ட். .9 ஐஎஸ்பியின் ரௌட்டர். மீதி ஐந்து நமக்கு. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

முதல் வகையில் ஐஎஸ்பி ரௌட்டரும் நம் ஃபயர்வாலின் வெளிப்பக்க போர்ட்டும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. வெளியுலகிலிருந்து .12-க்கு ஒரு பாக்கெட் வந்தால், ரௌட்டருக்கு .12 யார் என்று தெரியாது. தெருவில் நின்று கூவும்: "203.0.113.12 யாருப்பா? 203.0.113.9 கேக்குறேன், சொல்லுங்க." இதுதான் ஆர்ப். 1982-இல் வந்த ஆர்எஃப்சி 826 வகுத்த முறை, இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது. யார் பதில் சொல்கிறார்களோ அவர்களின் மேக் முகவரியை ரௌட்டர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பாக்கெட்டை அவர்களிடம் கொடுத்துவிடும்.

என் நண்பரின் ஃபயர்வாலில் வெளிப்பக்க போர்ட்டுக்கு .10 மட்டும்தான் போடப்பட்டிருந்தது. .12-க்கு வருவதை உள்ளே இருக்கும் வெப் சர்வருக்கு அனுப்பு என்று ரூல் இருந்தது. அட்சரம் பிசகாமல் இருந்தது. ஆனால் ரௌட்டர் கூவும்போது "நான்தான் .12" என்று சொல்ல ஆளில்லை. லினக்ஸில் ஐபிடேபிள்ஸோ என்எஃப்டேபிள்ஸோ எதை வைத்து ரூல் எழுதினாலும், ரூல் எழுதியதற்காக அது ஆர்ப்புக்குப் பதில் சொல்லாது. அந்த முகவரியைப் போர்ட்டில் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அல்லது ப்ராக்ஸி ஆர்ப் வைக்க வேண்டும். சிஸ்கோ ஏஎஸ்ஏ போன்ற சில பெட்டிகள் நேட் ரூலில் இருக்கும் முகவரிகளுக்குத் தாங்களாகவே பதில் சொல்லிவிடும். அதில் பழகியவர்கள் லினக்ஸுக்கு வரும்போது இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இரண்டாவது வகை வேறு. இதில் ஐஎஸ்பி நமக்கும் தனக்கும் நடுவே ஒரு சின்ன இணைப்பு பிளாக் வைக்கும். உதாரணமாக 198.51.100.1 அவர்கள், 198.51.100.2 நாம். அப்புறம் தன் ரௌட்டரில், "203.0.113.8/29 முழுக்க 198.51.100.2-இடம் கொடு" என்று ஒரு ரூட் எழுதிவிடும். இங்கே கூவலே கிடையாது. தெருவில் நின்று ஒவ்வொரு பெயராகக் கேட்காமல், மொத்தக் கட்டையும் நம் வாசலில் வைத்துவிட்டுப் போகிற தபால்காரர் மாதிரி. எந்த முகவரியையும் போர்ட்டில் சேர்க்காமலே ரூல் வேலை செய்யும். இன்னொரு லாபம்: பிளாக் எந்தத் தெருவிலும் இல்லாததால் அடையாள முகவரி, பிராட்காஸ்ட் என்று கழிக்க வேண்டியதில்லை. நேட் ரூலுக்கு மட்டும் பயன்படுத்துவதானால் எட்டையும் பயன்படுத்தலாம். கேட்டால் ரூட் செய்து தர ஒப்புக்கொள்ளும் ஐஎஸ்பி கிடைத்தால் விடாதீர்கள்.

இந்த இரண்டாவது வகையிலும் ஒரு குழி உண்டு. எட்டில் மூன்றுதான் பயன்படுத்துகிறோம் என்று வையுங்கள். பயன்படுத்தாத .14-க்கு வெளியிலிருந்து யாரோ ஒரு பாக்கெட் அனுப்புகிறார்கள். ஐஎஸ்பி நம்மிடம் தருகிறது. நம் பெட்டிக்கு .14 யார் என்று தெரியாது. தெரியாத எல்லாவற்றையும் கேட்வேக்கு அனுப்பு என்று டீஃபால்ட் ரூட் சொல்கிறது. திருப்பி ஐஎஸ்பியிடமே அனுப்புகிறது. அது மறுபடி நம்மிடம். அந்த பாக்கெட்டின் ஆயுள் எண் தீரும்வரை பந்து மாதிரி இங்கேயும் அங்கேயும் போய்வரும். வெளியிலிருந்து வந்ததை வெளியே அனுப்பாதே என்று ஃபில்டர் இருந்தால் தப்பித்தோம். அதை நம்பிக்கொண்டிருக்காமல், /29 முழுமைக்கும் "கீழே போடு" என்று ஒரு பிளாக்ஹோல் ரூட் எழுதிவிடுவது என் வழக்கம். ஒரே வரி.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐஎஸ்பியிடம் கேட்கலாம். போனை எடுக்கிறவருக்குத் தெரிந்திருந்தால் பாக்கியம். இல்லையென்றால் வயரையே கேட்டுவிடலாம். ஃபயர்வாலின் வெளிப்பக்க போர்ட்டில் டிசிபிடம்ப் ஓடவிட்டு, மேக் முகவரியையும் காட்டச் சொல்லும் மைனஸ் ஈ ஆப்ஷனோடு, கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து .12-க்கு பிங் செய்யுங்கள். (ஆபீஸ் வைஃபையிலிருந்து செய்யாதீர்கள், காரணம் கீழே வரும்.) ".12 யார்" என்ற கூவல் திரும்பத் திரும்ப வந்தால் முதல் வகை, பதில் சொல்ல ஆளில்லை. பிங் பாக்கெட்டே நேராக வந்து, அதில் நம் பெட்டியின் மேக் இருந்தால், ஒன்று ரூட் செய்யப்பட்டது, இல்லையென்றால் ஏற்கெனவே ஆர்ப் சரியாக இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பாக்கெட் வரும், ஆனால் அதில் இருக்கும் மேக் நம்முடையதாக இருக்காது. அதைப் பற்றித்தான் அடுத்து சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை இரவு

சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில் பழைய ஃபயர்வால் பெட்டியை எடுத்துவிட்டு ஒரு லினக்ஸ் மெஷினை வைக்கும் வேலை என்னிடம் வந்தது. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வயரைப் பிடுங்கிப் புதியதில் சொருகினேன். ஐந்து முகவரிகளையும் முன்கூட்டியே போர்ட்டில் சேர்த்து வைத்திருந்தேன். .10 உடனே வேலை செய்தது, உள்ளேயிருந்து இணையம் ஓடியது. .11, .12, .13, .14 நான்கும் பேசவில்லை.

ரூலைப் பார்த்தேன். சரி. மறுபடி பார்த்தேன். சரி. டிசிபிடம்ப் போட்டேன், பாக்கெட் வருகிறது. ஆனால் ரூலின் கவுண்டர் ஏறவே இல்லை. வருகிற பாக்கெட் எங்கே போகிறது? மைனஸ் ஈ ஆப்ஷன் அன்றைக்கு எனக்குப் பழக்கமில்லை. ரூலை அழித்து வேறு மாதிரி எழுதினேன். கெர்னல் செட்டிங்கை மாற்றினேன். ஒன்றரை மணி வாக்கில் .13-க்கு மட்டும் உயிர் வந்தது. கடைசியாக மாற்றிய ஏதோ ஒன்றுதான் காரணம் என்று நினைத்து அதையே மற்றவற்றுக்கும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் .12. மூன்று மணிக்குக் கிட்டத்தில் .11-உம் .14-உம். நோட்டில், "ரூல் வரிசையை மாற்றியதும் சரியானது" என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தக் குறிப்பு முழுப் பொய் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

நடந்தது இதுதான். ஐஎஸ்பி ரௌட்டரின் குறிப்பேட்டில் ஐந்து முகவரிகளுக்கும் எதிரே பழைய பெட்டியின் மேக் எழுதியிருந்தது. ஏற்கெனவே தெரிந்த விலாசத்துக்கு யாரும் தெருவில் நின்று கூவ மாட்டார்கள். .12-க்கு வந்த பாக்கெட்டை, பழைய பெட்டியின் மேக் எழுதி வயரில் விட்டது. என் மெஷின் அதைப் பார்த்தது, தனக்கில்லை என்று கீழே போட்டது. டிசிபிடம்ப் எல்லாவற்றையும் காட்டும், ஆகவே அதில் தெரிந்தது. ஃபயர்வால் ரூல் வரைக்கும் அது போகவே இல்லை.

அப்படியானால் .10 எப்படி உடனே வேலை செய்தது? புது மெஷின் வெளியே போக முதலில் கேட்வேயைத் தேடி, "203.0.113.9 யார்? .10 கேக்குறேன்" என்று கூவியிருக்கிறது. அந்தக் கூவலிலேயே கேட்பவரின் ஐபியும் மேக்கும் இருக்கும். ரௌட்டர் அதைப் பார்த்து .10-க்கான வரியை மட்டும் திருத்திக்கொண்டது. மற்ற நான்கின் சார்பாக யாரும் வாய் திறக்கவில்லை. சிஸ்கோ ரௌட்டர்களில் ஆர்ப் குறிப்பு காலாவதியாக டீஃபால்ட்டாக நான்கு மணி நேரம், 14,400 விநாடி. ஒவ்வொரு முகவரிக்கும் கடைசியாகக் குறிப்பு எழுதிய நேரம் வேறு வேறு. அதனால் ஒவ்வொன்றாக உயிர்த்தன. அப்படி ஒவ்வொன்றாக வந்ததே எனக்குத் துப்பாக இருந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அதை என் கைராசி என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கு மருந்து ரொம்ப எளிது. வயரை மாற்றியதும் ஒவ்வொரு கூடுதல் முகவரிக்கும் யாரும் கேட்காமலே "நான்தான் .11, என் மேக் இது" என்று ஒரு அறிவிப்பு விட வேண்டும். லினக்ஸில் ஆர்ப்பிங் என்ற கருவி இதைச் செய்யும், ஐந்து முகவரிக்கும் சேர்த்து அரை நிமிட வேலை. முகவரியைச் சேர்த்ததும் கெர்னல் தானாக அறிவித்துவிடும் என்று நம்பக் கூடாது. ஒன்றுக்கு இரண்டாக ஃபயர்வால் வைத்து கார்ப் முறையில் இயக்குபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே இரண்டு பெட்டியும் ஒரே பொய் மேக்கைப் பங்கு போட்டுக்கொள்வதால், ஒன்று விழுந்து மற்றது எழுந்தாலும் ரௌட்டரின் குறிப்பேட்டில் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை.

முகவரியைச் சேர்ப்பதில் இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. .11 முதல் .14 வரை போர்ட்டில் ஏற்றியதும், அந்த நான்கும் ஃபயர்வாலின் சொந்த முகவரிகள் ஆகிவிடுகின்றன. ஃபயர்வாலில் ஓடும் எஸ்எஸ்எச், நிர்வாகப் பக்கம், டிஎன்எஸ் எல்லாம் பெரும்பாலும் "எல்லா முகவரியிலும் கேள்" என்றுதான் ஓடும். நீங்கள் .10-இல் மட்டும் அடைத்து வைத்திருந்தால், .13 வழியாக உங்கள் நிர்வாகப் பக்கம் உலகத்துக்கே திறந்து கிடக்கும். முகவரியைக் குறிப்பிட்டு அடைக்காதீர்கள். வெளிப்பக்க போர்ட்டில் வருவது எதுவானாலும் அடை, தேவையானதை மட்டும் திற என்று எழுதுங்கள். வெளியிலிருந்து ஐந்து முகவரியையும் தனித்தனியே என்மேப் வைத்துத் துழாவிப் பார்க்காமல் எந்த ஃபயர்வாலையும் நான் இப்போது ஒப்படைப்பதில்லை.

உள்ளே வருவது

இது ஒப்பீட்டளவில் சுலபம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். .12-இன் 443-ஆம் போர்ட்டுக்கு வருவதை 192.168.20.12-க்கு மாற்று என்பது போர்ட் ஃபார்வர்டு, லினக்ஸ் மொழியில் டிநேட். .12-ஐ முழுதாக 192.168.20.12-உடன் கட்டிப்போடுவது ஒன்றுக்கு ஒன்று நேட். (கடைசி எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி வைத்துக்கொண்டால் நடுராத்திரியில் உபயோகப்படும்.)

முகவரி மாற்றம் முதலில் நடக்கிறதா, ஃபில்டர் முதலில் நடக்கிறதா என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். லினக்ஸிலும் பிஎஃப்சென்ஸிலும் மாற்றம் முதலில். ஆகவே ஃபில்டர் ரூலில் எழுத வேண்டியது உள் முகவரி 192.168.20.12, வெளி முகவரி அல்ல. சிஸ்கோ ஏஎஸ்ஏவில் 2010-இல் 8.3 பதிப்பு வரும்வரை வெளி முகவரியை எழுத வேண்டியிருந்தது, அதன்பின் தலைகீழானது. பழைய வழிகாட்டியைப் பார்த்துப் புதுப் பெட்டியில் எழுதியவர்கள் பட்ட பாட்டை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஒன்றுக்கு ஒன்று நேட் போட்டதே பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது முகவரி மாற்றம் மட்டும்தான். ஃபில்டர் தளர்வாக இருந்தால் அந்த சர்வரின் எல்லாப் போர்ட்டும் வெளியே தெரியும்.

வெளியே போவது

அந்த சனிக்கிழமை வேலையின் மிச்சம் திங்கட்கிழமை வந்தது. அது வந்ததுகூட எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

எங்கள் மெயில் சர்வர் .11-க்குப் பின்னால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே சோதித்துப் பார்த்தேன். வெளியிலிருந்து .11-இன் 25-ஆம் போர்ட்டைத் தட்டினால் சர்வர் பேசுகிறது, என் சொந்த மெயிலிலிருந்து அனுப்பினால் வந்து சேருகிறது. டிக் அடித்துவிட்டேன். வியாழக்கிழமை விற்பனைப் பிரிவு மேலாளர் என் மேஜைக்கு வந்தார். "தம்பி, திங்கக்கிழமை அனுப்பின கொட்டேஷன் வரவே இல்லைங்கிறாங்க. நாம அனுப்பினோமா இல்லையா?" சர்வர் லாகில் அனுப்பியதாகவே இருந்தது. வாங்குபவர் தரப்பில் அது ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தது. கடைசித் தேதி புதன்கிழமை. ஆர்டர் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. லாகைத் தோண்டியபோது இன்னும் சில இடங்களில் நேரடியாகவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த அறிவிப்புகள் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தன. தப்பு முழுக்க என்னுடையது.

காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல முகவரி வைத்திருப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. டிநேட் ரூல் உள்ளே வரும் உரையாடலுக்கானது. வெளியாள் .11-ஐக் கூப்பிட்டால், சர்வரின் பதில் .11 என்ற முகவரியோடுதான் திரும்பப் போகும். ஃபயர்வால் அந்த உரையாடலை நினைவில் வைத்துக்கொண்டு மாற்றித் தரும். அதனால்தான் என் ஞாயிற்றுக்கிழமைச் சோதனை தேறியது. ஆனால் சர்வர் தானாக வெளியே கிளம்பி ஒரு மெயிலைக் கொடுக்கப் போனால் அது புது உரையாடல். அதற்கு டிநேட் ரூலோடு எந்த உறவும் கிடையாது. அது பொதுவான மாஸ்கரேட் ரூலில் போய் விழும். மாஸ்கரேட் அந்தப் போர்ட்டின் முதல் முகவரியைத்தான் பூசும். ஆக எங்கள் மெயில் எல்லாம் .10 என்ற முகத்தோடு வெளியே போயிருக்கிறது.

எங்கள் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவோ, "எங்கள் மெயில் 203.0.113.11-இலிருந்து மட்டுமே வரும், வேறு எங்கிருந்து வந்தாலும் நம்பாதே" என்று உலகத்துக்குச் சொல்லி வைத்திருந்தது. தலைகீழ் டிஎன்எஸ்ஸில் .11-க்கு எங்கள் மெயில் சர்வரின் பெயர் இருந்தது; .10-க்கு ஐஎஸ்பி வைத்த ஏதோ எண்கள் கலந்த பெயர். வாங்குகிற சர்வர் வேறு என்ன செய்யும்? பழைய பெட்டியில் ஒன்றுக்கு ஒன்று நேட் இருந்தது. அது இரண்டு திசைக்கும் பொருந்தும். நான் லினக்ஸுக்கு எழுதியபோது உள்ளே வரும் பாதியை மட்டும் எழுதிவிட்டேன்.

சரி செய்வதிலும் ஒரு தடவை வழுக்கினேன். "192.168.20.11-இலிருந்து போவதை .11 என்று மாற்று" என்ற எஸ்நேட் ரூலை மாஸ்கரேட் ரூலுக்குக் கீழே சேர்த்துவிட்டேன். நேட் பட்டியலில் முதலில் பொருந்துவதே முடிவு. கீழே இருந்த ரூலுக்கு வேலையே வரவில்லை. மேலே ஏற்றிய பிறகும் ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் பழைய முகத்தோடே போயின. முகவரி மாற்றம் ஒவ்வொரு உரையாடலின் முதல் பாக்கெட்டில் மட்டும்தான் தீர்மானமாகிறது. இணைப்பு நினைவகத்தில் அந்த சர்வருக்கான வரிகளை அழித்த பிறகே எல்லாம் .11 ஆனது.

இதைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. சர்வருக்குள் போய், "என் ஐபி என்ன" என்று சொல்லும் தளம் ஒன்றை அங்கிருந்தே கூப்பிடுங்கள். மெயில் சர்வர் என்றால் வெளியே ஒரு மெயில் அனுப்பி, அதன் தலைப்பு வரிகளில் எந்த ஐபி பதிவாகியிருக்கிறது என்று படியுங்கள். பிடிஆர் பதிவை நம் டிஎன்எஸ்ஸில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது பிளாக்குக்குச் சொந்தக்காரரான ஐஎஸ்பி கையில் இருக்கிறது, எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எந்த ஐபிக்கு எந்தப் பெயர் என்று ஒரே மெயிலில் தெளிவாக எழுதினால் ஒரே தடவையில் முடியும்.

உள்ளேயிருந்து நம்மையே கூப்பிடுவது

ஆபீஸ் வைஃபையிலிருந்து சோதிக்காதீர்கள் என்று சொன்னேன் அல்லவா? உள்ளே இருக்கும் ஒரு கணினி 192.168.10.50, நம் வெப் சர்வரை அதன் பப்ளிக் ஐபி .12-ஐ வைத்துக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். சர்வரும் அதே நெட்வொர்க்கில் 192.168.10.20-ஆக இருக்கிறது. ஃபயர்வால் .12-ஐ 192.168.10.20 என்று மாற்றி உள்ளே திருப்பிவிடும். சர்வர் பார்க்கும்: கேட்டவர் 192.168.10.50, பக்கத்து வீட்டுக்காரர், நேராகவே பதில் சொல்லிவிடலாம். சொல்லிவிடும். கணினியோ .12-இடம் கேட்டுவிட்டு, யாரோ 192.168.10.20 பதில் சொல்வதைப் பார்த்து, "நான் உன்னைக் கேட்கலையே" என்று கீழே போடும். வெளியே எல்லோருக்கும் தெரிகிற தளம் முதலாளி அறையில் மட்டும் திறக்காது. அந்தப் போன்கால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹேர்பின் என்று இதற்குப் பெயர். திரும்பும் பாக்கெட்டும் ஃபயர்வால் வழியாகவே வரும்படி இரட்டை மாற்றம் செய்யலாம், ஆனால் சர்வர் லாகில் உள்ளாட்கள் எல்லோரும் ஃபயர்வால் முகவரியில் தெரிவார்கள். உள்ளே ஒரு டிஎன்எஸ் வைத்து அதே பெயருக்கு உள் முகவரியைச் சொல்லலாம். எனக்குப் பிடித்தது சர்வர்களை 192.168.20 என்று தனிப் பிரிவில் வைப்பது. அப்போது சர்வருக்கும் கணினிக்கும் நடுவே எப்படியும் ஃபயர்வால்தான் இருக்கும், பதில் வந்த வழியே திரும்பும். அதோடு, வெப் சர்வரை யாராவது உடைத்தாலும் அவர் நேராகக் கணக்குப் பிரிவின் கணினிக்குள் நடந்துபோக முடியாது. டிநேட் ரூலை வெளிப்பக்க போர்ட்டுக்கு மட்டும் என்று கட்டிவிடாமல், போகும் முகவரியை வைத்து எழுதுங்கள். இல்லையென்றால் உள்ளேயிருந்து வருவதற்கு அது பொருந்தாது.

ஐந்தை என்ன செய்வது

ஒரு தளத்துக்கு ஒரு ஐபி என்று பங்கு பிரிப்பது பழைய பழக்கம். அதற்கு இப்போது அவசியமில்லை. ஒரே முகவரியில் பல தளங்களை, எச்டிடிபிஎஸ்ஸோடு சேர்த்தே நடத்த உதவும் எஸ்என்ஐ 2003-லேயே தரத்துக்குள் வந்துவிட்டது. இன்றைய பிரௌசர்கள் எல்லாவற்றுக்கும் அது தெரியும். ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி வைத்தால் ஐம்பது தளமும் .12-இல் உட்காரும். ஐபிவி4 பொதுக் கையிருப்பின் கடைசி பிளாக்குகளை ஐயானா 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பிரித்துக் கொடுத்துவிட்டது. நம் ஆசிய பசிபிக் பகுதியின் ஏப்நிக் அதே வருடம் ஏப்ரல் 15-ஆம் தேதி கடைசி /8-க்கு வந்து ரேஷன் போட ஆரம்பித்தது. கையில் இருக்கும் ஐந்தை அதன் அருமை தெரிந்து செலவழிக்க வேண்டும்.

என் பங்கீடு இப்படி: .10 ஃபயர்வாலுக்கும் ஊழியர்கள் வெளியே போவதற்கும். .11 மெயிலுக்கு மட்டும், வேறு ஒரு பாக்கெட்கூட அந்த முகத்தோடு வெளியே போகக் கூடாது. .12 எல்லா வெப் தளங்களுக்கும். .13 விபிஎன்னுக்கு, ஏனென்றால் ஹோட்டல், விமான நிலைய வைஃபைகளில் 443 தவிர மற்றதை அடைத்துவிடுகிறார்கள். விபிஎன்னும் 443 கேட்கும், வெப்பும் 443 கேட்கும், இரண்டையும் ஒரே ஐபியில் வைப்பது தலைவலி. .14 விருந்தினர் வைஃபைக்கு. இந்தக் கடைசியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. வந்துபோகிறவரின் வைரஸ் பிடித்த லேப்டாப் உங்கள் வைஃபையிலிருந்து ஸ்பேம் அனுப்பினால் கருப்புப் பட்டியலில் ஏறுவது அந்த பாக்கெட் பூசிக்கொண்ட ஐபிதான். அது .14 ஆக இருக்கட்டும். மெயிலுக்கு அது நடந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். விருந்தினர் பிரிவிலிருந்து 25-ஆம் போர்ட்டை முழுதாக அடைத்தும் விடுங்கள்.

இரண்டு ஐஎஸ்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாவது கம்பெனி வழியே வந்த கேள்விக்கு முதல் கம்பெனி வழியே பதில் அனுப்பினால், அவர்கள் "இது எங்கள் முகவரி இல்லையே" என்று கீழே போடுவார்கள். வந்த வழியை இணைப்பின் மேல் குறித்து வைத்து, தனி ரூட் பட்டியல் வைத்து அதே வழியே அனுப்ப வேண்டும். லினக்ஸில் திரும்பும் பாதையைச் சோதிக்கும் ஆர்பி ஃபில்டரைக் கண்டிப்பான நிலையில் வைத்திருந்தால் அதுவும் பாக்கெட்டை முழுங்கும். தளர்ந்த நிலையான 2-க்கு மாற்ற வேண்டியிருக்கும். இது தனிக் கட்டுரைக்கான சரக்கு, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நண்பருக்கு அன்றே விடை கிடைத்தது. டிசிபிடம்ப்பில் ".12 யார், .13 யார்" என்று ரௌட்டர் கூவிக்கொண்டே இருந்ததைப் படம் பிடித்து அனுப்பினார். நான்கு முகவரியையும் போர்ட்டில் சேர்த்தார், வேலை செய்தது. "ரூல்ல ஒண்ணுமே மாத்தலண்ணே" என்றார். மெயில் சர்வர் எந்த ஐபியில் வெளியே போகிறது என்று பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். .10-இல்தான் போய்க்கொண்டிருந்ததாம்.